கேட்கவில்லை, சொல்லவும் இல்லை

பூவராகவன் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும், வாத்தியார் வந்துவிட்டார் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்கப்பா, நானும் படிக்கத்தான் வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் அவருக்கு வேலை. யார் எப்போது உள்ளே வந்தார்கள், யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்று பார்க்கிற வேலை. தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். "ஒரு பி.எல். இருந்தா உங்கள ஆபீசராப் போட்டுடலாம்" என்று பர்சனல் மேனேஜர் ஒருநாள் சொல்லிவைத்தார். அந்த ஒரு பேச்சை நம்பி, எல்லையைத் தாண்டி ஆந்திராப் பக்கம் சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடத்துகிற ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டார். "பொண்ணு காலேஜ் போற வயசுல நைனா காலேஜ் போறாரு" என்று மனைவி கோமளா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாலும், சனிக்கிழமை காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுக்கத் தவறியதில்லை.

கல்லூரி நூலகத்தில் புத்தகங்களைவிடத் தூசிதான் அதிகம். ஆனால் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. நாடு முழுக்க உள்ள கோர்ட்டுகளின் தீர்ப்புகளைத் தேடிப் பார்க்கிற ஓர் இணையதளத்துக்குக் கல்லூரி சந்தா கட்டியிருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். பூவராகவன் முதல் வருடம் முழுக்க அதன் பக்கமே போகவில்லை. டைம் ஆபீஸில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்தான். ஆனாலும் எல்லார் முன்னாலும் தப்பாக எதையாவது தட்டிவிட்டு நிற்க வேண்டியிருக்குமோ என்று கூச்சம்.

இரண்டாம் வருடம், 2007இல், தொழிலாளர் சட்டத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'டொமெஸ்டிக் என்கொயரி' என்கிற உள் விசாரணை பற்றி. தொழிலாளி மேல் குற்றம் சாட்டினால் வேலையை விட்டு நீக்குவதற்கு முன் கம்பெனியே நடத்துகிற விசாரணை அது. சிப்காட்டில் 'என்கொயரி' என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். தலைப்பைப் பார்த்ததும் பூவராகவன் வேறு தலைப்பு கேட்கலாமா என்றுகூட யோசித்தார். கேட்கவில்லை.

அன்று கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றவள் உமைரா. பழவேற்காட்டுப் பெண். அப்பா ஷஃபியுல்லா இறால் வியாபாரி. வகுப்பிலேயே தேடுவதில் கெட்டிக்காரி அவள்தான்.

"இன்னாண்ணா, இவ்ளோ நேரமா வெறிச்சிப் பாத்துக்கினு கீறீங்க?"

"டொமெஸ்டிக் என்கொயரின்னு அடிச்சேம்மா. கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. எதப் படிக்கிறது?"

"மொட்டையா அடிச்சா அப்டித்தான். ரெண்டு வார்த்தைக்கும் முன்னாடி பின்னாடி மேற்கோள் குறி போடுங்க. சேந்தாப்ல வர்றது மட்டும் நிக்கும். அப்பால கோர்ட்டுன்னு இருக்குல்ல, அங்க மெட்ராஸ் வைங்க." அவளே எட்டித் தட்டினாள். திரையில் இருந்த பட்டியல் பாதியாகச் சுருங்கியது. "இன்னும் நெறைய இருக்கா? ஒண்ணு பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனி பேரு எதையாவது சேத்து அடிங்க. தெரிஞ்ச எடம்னா கேஸு மனசுல நிக்கும், எழுதறதுக்கும் ஈசி."

சொல்லிவிட்டு அவள் அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

தெரிந்த கம்பெனி என்றால் எத்தனையோ இருந்தன. ஆனால் அவர் விரல் அடித்தது, தான் முன்பு வேலை பார்த்த ரோலிங் மில்லின் பெயரை. கம்பி உருட்டுகிற அந்த மில் மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. அதை யார் தேடப் போகிறார்கள், ஒன்றும் வராது என்றுதான் நினைத்தார்.

ஒரே ஒரு தீர்ப்பு வந்தது.

மில் நிர்வாகம் மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு. எதிர்த்தரப்பில் முதலாவதாகத் தொழிலாளர் நீதிமன்றம். இரண்டாவதாக மணவாளன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், இறந்துவிட்டார் என்று பொருள்படும் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. அதற்குக் கீழே மூன்றாவதாகக் கன்னியம்மாள். நான்காவதாக மைனர் சோனியா.

வேறு யாரோ மணவாளனாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. கன்னியம்மாள் என்ற பெயரைத் திரும்பப் படித்தார். சோனியா என்று பெயர் வைத்த அன்று மில் கேன்டீனில் மணவாளன் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்ததும், அதில் ஒரு துண்டைப் பூவராகவன் தன் மூத்த பெண்ணுக்கென்று காகிதத்தில் மடித்து எடுத்துப் போனதும் நினைவுக்கு வந்தது. வேறு யாரும் இல்லை. அவருடைய மணவாளன்தான். செத்துப் போய்விட்டான். அந்தச் செய்தி இந்த நூலகத்தின் மூலையில், ஒரு வழக்கின் தலைப்பில் உட்கார்ந்து, யாராவது வந்து தட்டட்டும் என்று இருந்திருக்கிறது.

மணவாளனும் பூவராகவனும் ஒரே வருடத்தில் மில்லில் சேர்ந்தவர்கள். ஒரே லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதவு. மணவாளன் ஃபர்னஸ் பேனலில், உலையின் ஸ்விட்சுகள் இருக்கிற பலகைக்கு முன்னால், நிற்பான். காய்ந்து சிவந்த இரும்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருளைகளுக்குத் தள்ளுகிற பொறுப்பு அவனுடையது. பூவராகவன் ஃபிட்டர். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற தூரம். மணவாளனுக்கு வாய் நீளம். ஒப்பந்தக் கூலிக்கு வருகிறவர்களுக்கு பூட்ஸ் இல்லை, கையுறை இல்லை என்று மேனேஜரிடமே போய்க் கேட்பான். சங்கம் வைக்க வேண்டும் என்று டீக்கடையில் பேசுவான். நிர்வாகத்துக்கு அவன்மேல் ஒரு கண்.

1996 மழைக்காலத்தில் ஒரு பகல் ஷிஃப்டில் அது நடந்தது. உருளையிலிருந்து வெளியே வந்த கம்பி தடம் மாறி எகிறி, இடுக்கியோடு நின்றிருந்த தேசப்பனின் தொடையில் சுற்றியது. தேசப்பன் சத்தியவேடு பக்கத்துக்காரன், ஒப்பந்தக் கூலி. கம்பெனி ரெஜிஸ்டரில் அவன் பெயரே கிடையாது. அவன் போட்ட சத்தத்தில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மணவாளன் மட்டும் ஓடினான். ஓடும்போதே திரும்பி, "டேய் ராகவா, பேனலப் பாத்துக்கோடா!" என்று கத்தினான். தேசப்பனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி, போகிற லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனான்.

பூவராகவன் பேனலைப் பார்த்துக்கொள்ளவில்லை. கருகிய சதை நாற்றத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டன. தள்ளுகிற மோட்டார் எரிந்து போனது. லைன் பல நாள் நின்றது.

இடத்தை விட்டுப் போய் நஷ்டம் ஏற்படுத்தினான் என்று மணவாளன்மேல் குற்றச்சாட்டு. என்கொயரி நடத்தச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். சாட்சி சொல்ல பூவராகவனைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் மேனேஜர் தன் அறைக்கு அழைத்து டீ வரவழைத்தார். பொய் சொல்லச் சொல்லவே இல்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும். அவன் எங்க போனான்னு கெளறினா, பக்கத்துல நின்னவன் இன்னா பண்ணான்னும் கெளற வேண்டி வரும்" என்றார். அப்போது பூவராகவனுக்கு மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள், இளையவள் கைக்குழந்தை.

"மோட்டார் எரிஞ்ச நேரத்துல மணவாளன் அவர் இடத்துல இருந்தாரா?" என்று கேட்டார்கள்.

"இல்லை."

"வேற யாராவது அந்த இடத்துல இருந்தாங்களா?"

"இல்லை."

அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருந்த மணவாளனிடம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறாயா என்று கேட்டபோது அவன் பூவராகவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றான். அடுத்த மாதம் அவனுக்கு வேலை போனது. அதற்கடுத்த மாதம் பூவராகவனை ஃபர்னஸ் சூட்டிலிருந்து எடுத்து டைம் ஆபீஸில், ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் சட்டையில் கரி படவில்லை. மில் மூடியபோதும் டைம் ஆபீஸ் அனுபவத்தை வைத்துத்தான் வால்வு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதை வைத்துத்தான் இந்தப் படிப்பும்.

மணவாளன் குடும்பத்தோடு ஊத்துக்கோட்டைப் பக்கம் கன்னியம்மாவின் ஊருக்குப் போய்விட்டான். கேஸ் போட்டிருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் ஒரே ஒரு தடவை, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில், எதிர் பிளாட்பாரத்தில் பூவராகவன் அவனைப் பார்த்தார். மெலிந்திருந்தான். இவரைக் கண்டதும் கையைப் பாதி தூக்கினான். பூவராகவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டிய லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். ரயில் நடுவில் வந்து நின்றுவிட்டது.

பொய் சொல்லவில்லையே என்பதுதான் இத்தனை வருடமும் அவருடைய பிடிமானம். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். கோமளாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அதைவிட அதிகம்.

இப்போது திரையில் தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தை மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே மெல்லப் படித்தார். தொழிலாளர் நீதிமன்றம் மணவாளன் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நிர்வாகம் அதை எதிர்த்து மேலே வந்திருக்கிறது. தேசப்பன் என்கிறவனைத் தொழிலாளி பல வருடம் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்ததாகவும், அவன் கூண்டில் ஏறித் தொடையில் இருந்த தழும்பைக் காட்டியதாகவும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பத்தி. பெயர்கூட இல்லை, நிர்வாகத் தரப்பின் இரண்டாம் சாட்சி என்றுதான் இருந்தது.

'தொழிலாளி தன் இடத்தில் இல்லை என்று மட்டும் இச்சாட்சி கூறியுள்ளார். தொழிலாளி எங்கே போனார் என்று அவரிடம் கேட்கப்படவில்லை. அவராகவும் சொல்லவில்லை. அருகிலேயே நின்றிருந்த ஒருவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று நம்புவது கடினம்.'

பூவராகவன் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரோ ஒரு நீதிபதி. அவரை இவர் பார்த்ததில்லை; இவரை அவரும் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக இவர் கட்டி வைத்திருந்ததை நாலு வரியில் அவிழ்த்துப் போட்டுவிட்டார். அதில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் கீழே இப்படி இருந்தது: 'இடத்தை விட்டுப் போகும்போது அதை வேறு யாரிடமாவது ஒப்படைத்தாரா என்ற கேள்விக்குத் தொழிலாளி நினைவில்லை என்றே பதிலளித்துள்ளார். நிர்வாகம் இதைப் பெரிதாகச் சுட்டிக்காட்டுகிறது. ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்ற ஓடியவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.'

நினைவில்லையாம். அந்தத் தீர்ப்பை எத்தனை பேர் படித்திருப்பார்கள். வக்கீல்கள் படித்திருப்பார்கள், உமைராவைப் போலப் படிக்கிற பிள்ளைகள் படித்திருப்பார்கள். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க முடியாது. பூவராகவனுக்குத் தெரிந்தது. 'டேய் ராகவா' என்று கத்தியது மணவாளனுக்கா நினைவில்லாமல் போகும்? சொல்லியிருந்தால் அவன் கேஸ் அன்றே வலுத்திருக்கும். பூவராகவனின் வேலை போயிருக்கும்.

"கெடைச்சுதாண்ணா?" உமைரா கையில் புத்தகத்தோடு வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்சவங்க கேஸு."

"நல்ல கேஸா?"

"நல்ல கேஸுதான்" என்றார். "ஜெயிச்சிட்டான்."

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கிராமத்துக்குப் போய் விசாரித்தபோது, பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆயாவாக இருக்கிற கன்னியம்மாவா என்று கேட்டு வீட்டைக் காட்டினார்கள். ஓட்டு வீடு. வாசலில் கன்னியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் முறம் நின்றது.

"ராகவண்ணனா?"

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ கோத்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வந்தது பழையதுதான். "நான் பொய் சொல்லலம்மா."

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு யாரு சொன்னது?" கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தார். "அவுரே ஒரு நாளும் சொன்னதில்ல. உக்காருங்க."

பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். உள்ளே சுவரில் மணவாளனின் படம், சந்தனப் பொட்டோடு. பூவராகவன் அதை நேராகப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"இப்பதாம்மா எனக்குத் தெரியும். காலேஜ்ல கம்ப்யூட்டர்ல கேஸு தேடிக்கினு இருந்தேன். அதுல போட்டிருந்துச்சு. எப்ப…?"

"நாலு வருசம் ஆவப் போவுது. மஞ்சக் காமாலை. ஊத்துக்கோட்டை மார்க்கெட்ல மூட்டை தூக்கிக்கினு இருந்தாரு. ஒடம்பப் பாக்கல. கீழ் கோர்ட்ல ஜெயிச்சதப் பாத்துட்டுப் போனாரு, அது ஒண்ணுதான்."

பிறகு கன்னியம்மாவே சொன்னார்: "உங்களத் திருப்பி கோர்ட்டுக்குக் கூப்புடலாம், அங்க வச்சிக் கேட்டா சொல்லிடுவாருன்னு வக்கீலு சொன்னாருண்ணா. இவுருதான் வேணான்னுட்டாரு."

"ஏன்?"

"கூப்ட்டு வந்து நிறுத்தி, அப்பவும் அவன் சொல்லாம போய்ட்டான்னா இன்னாடி பண்றதுன்னாரு. ஒரு தபா பாத்ததே போதும், இன்னொரு தபா அத பாக்க என்னால ஆவாதுன்னாரு. அப்பாலதான் அந்தத் தெலுங்கு ஆளு தேசப்பனத் தேடிக்கினு சத்தியவேடு, சூளூர்ப்பேட்டைன்னு வருசக்கணக்கா அலைஞ்சாரு."

பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பத்தாவது படிக்கிற வயது. மணவாளனின் நெற்றி, மணவாளனின் மூக்கு.

"சோனியா, இவுரு உங்கப்பாகூட மில்லுல இருந்தவரு" என்றார் கன்னியம்மா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் குடத்தை இறக்கிவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க பாத்தீங்களா அங்கிள், அப்பா அந்த ஆளத் தூக்கிக்கினு போனத? கோர்ட்ல படிச்சாங்கன்னு அம்மா சொல்லும். நேர்ல பாத்தவங்க யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

பூவராகவன் சொன்னார். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். கம்பி எகிறியது, தேசப்பன் போட்ட சத்தம், யாரும் அசையாமல் நின்றது, அவள் அப்பா ஒருவன் மட்டும் ஓடியது. தேசப்பனின் லுங்கி நெருப்புப் பிடித்திருந்ததையும், மணவாளன் அதை வெறும் கையால் தட்டி அணைத்ததையும் சொன்னார். அது எந்த கோர்ட்டிலும் வராதது. பனியன் கிழிந்து தொங்க, கேட்டுக்கு வெளியே லாரிக்கு முன்னால் போய் நின்றதைச் சொன்னார். சோனியா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவருக்கு நிறுத்த முடியவில்லை. நடுவில் வந்ததையும் விடவில்லை. "ஓடும்போதே திரும்பி என்னப் பாத்துக் கத்தினான். டேய் ராகவா, பேனலப் பாத்துக்கோடான்னு. நான் பாத்துக்கல. பயந்துகினு நின்னுட்டேன். மோட்டாரு எரிஞ்சது என்னாலதான்."

கன்னியம்மா சட்டென்று நிமிர்ந்தார். "இன்னா சொன்னீங்க?"

பூவராகவன் திரும்பச் சொன்னார்.

"உங்களாண்ட சொல்லிட்டுத்தான் போனாரா?"

"ஆமாம்மா."

"வக்கீலு எத்தினி தபா கேட்டாரு தெரியுமா? யாராண்டயாவது சொல்லிட்டுப் போனியா, நல்லா யோசிச்சிப் பாருன்னு. ஞாபகம் இல்ல, ஞாபகம் இல்லன்னே சொன்னாரு. எங்கிட்டயும் அதேதான். அந்த ஒண்ணப் புடிச்சிக்கினுதான் மேல் கோர்ட்டுக்குப் போனாங்க. அங்க இழுத்துச்சு மூணு வருசம்." கன்னியம்மாவின் குரல் உயரவில்லை. "அந்த மூணு வருசத்துலதான் அவுரு போனாரு."

பூவராகவன் கை கூப்பலாமா என்று நினைத்தார். அதுகூட அதிகமாகத் தோன்றியது.

கன்னியம்மா எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து நிலைப்படிக்கு வந்து நின்றார். "நீங்க கெளம்புங்க" என்றார். வந்தபோது சொன்ன அண்ணா அதில் இல்லை. சோனியா அம்மாவையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவுக்குக் காத்திராமல் ஊத்துக்கோட்டை வரை நடந்தே வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று வழி நெடுக ஒரு எண்ணம். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் உதவாத இடத்தில் போய்த் திறந்திருக்கிறோம் என்று இன்னொரு எண்ணம். மணவாளன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் காத்து வைத்ததை நாம் போய் அவிழ்த்துக் கொட்டிவிட்டோமே என்பது எல்லாவற்றையும்விட அழுத்தியது.

வீட்டுக்கு வந்து கோமளாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோமளா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அன்னிக்கு நீங்க வாயத் தொறந்திருந்தா நம்ம ரெண்டு பொண்ணுங்களும் இன்னிக்கு எங்க இருக்கும்? அதயும் யோசிங்க" என்றார்.

"யோசிச்சேன்" என்றார் பூவராகவன். "அதத்தான் அவனும் யோசிச்சிக்கிறான்."

கோமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு வாரம் பொறுத்து, தீர்ப்பில் மணவாளன் தரப்பில் பெயர் இருந்த வக்கீலைத் தேடிக்கொண்டு பூவராகவன் சென்னைக்குப் போனார். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில், மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை. தீர்ப்புப்படி கொடுக்க வேண்டிய பாக்கிச் சம்பளம் இன்னும் அந்தக் குடும்பத்துக்கு வந்து சேரவில்லை, மில்லை வாங்கியவர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று வக்கீல் சொன்னார்.

"நான் வாக்குமூலம் குடுக்கறேன் சார். நடந்தது பூராவும் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன். எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் வந்து நிக்கிறேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். வயதானவர். கோபப்படவில்லை. "இனிமே அதுக்கு வேலை இல்ல சார். சாட்சி, விசாரணை எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப இருக்கறது வசூல் பண்ற வேலை மட்டும்தான். நீங்க படிக்கிறீங்கன்னு சொன்னீங்களே, உங்களுக்கே தெரியணுமே."

தெரியும். ஆனாலும் கேட்டுப் பார்த்தார்.

அந்தக் கட்டுரையை அவர் எழுதினார். மணவாளனின் வழக்கை அதில் சேர்க்கவில்லை. வேறு தீர்ப்புகளை வைத்து ஒப்பேற்றினார். நல்ல மதிப்பெண் வந்தது. படிப்பு முடியும்வரை, நூலகத்துக்குப் போகிற ஒவ்வொரு முறையும் மில்லின் பெயரை ஒருதரம் அடித்துப் பார்ப்பார். எப்போதும் அதே ஒரு தீர்ப்புதான் வரும். கடைசித் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் இரண்டாவதாக ஒன்று வந்தது. சின்ன உத்தரவு. மில்லை வாங்கியவர்கள் போட்ட மனு தள்ளுபடி. வாரிசுகளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. பூவராகவன் அதை இரண்டு தடவை படித்தார். ஊத்துக்கோட்டைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று ஆசையாக இருந்தது. வக்கீல் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்.

2009இல் பட்டம் வந்தது. உமைரா பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு பொன்னேரி கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தாள். "நீங்களும் வாங்கண்ணா, சேந்து ஆபீஸ் போடலாம். தொழிலாளர் கேஸு பூரா நீங்க பாத்துக்குங்க" என்று பலமுறை கூப்பிட்டாள். அவர் பதிவு செய்யவே இல்லை. கம்பெனியில் ஆபீசர் வேலையும் தேடி வந்தது. என்கொயரிக்கு நிர்வாகத் தரப்பு சாட்சிகளைத் தயார் செய்வதும் அந்த வேலையில் சேர்ந்தது என்று மேனேஜர் சொன்னபோது, "எனக்கு டைம் ஆபீஸே போதும் சார்" என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்குப் புரியவில்லை. கோமளாவுக்குப் புரிந்தது, ஆனாலும் நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பட்டத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியது கோமளாதான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "வக்கீலா சார் நீங்க?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க. படிச்சதோட சரி" என்பார் பூவராகவன்.